எப்போதாவது கடிக்கும் கிளி: ஒரு சன் கான்யூரும் ஒரு குடும்பமும்

பின்னணி

தென்சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி. மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில். கிளி மகளுக்காக வாங்கியது. ஊரடங்கு தளர்ந்த சமயத்தில், ஸ்பூனில் உணவு ஊட்டும் பருவத்துக் குஞ்சாக வந்தது. கடைக்காரர் இறக்கையை வெட்டித்தான் கொடுத்தார். "வெட்டினாத்தான் சார் கையில நிக்கும்" என்பது எல்லாக் கடைகளிலும் சொல்வதுதான்.

இனம் சன் கான்யூர். மஞ்சள் உடல், ஆரஞ்சு முகம், இறக்கையில் கொஞ்சம் பச்சை. கயானாவும் வட பிரேசிலும் இதன் சொந்த ஊர். அங்கே காட்டில் அருகிவிட்டது. நம் ஊர்க் கடைகளிலோ கூண்டில் பிறந்தவை தாராளமாகக் கிடைக்கின்றன. நன்றாகப் பராமரித்தால் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். வாங்கும்போது இதை யாரும் கணக்குப் போடுவதில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பார்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சன் கான்யூர் வெளிநாட்டு இனம் என்றாலும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தக் குடும்பம் பதிவு செய்திருந்தது.

மகள் வீட்டில் இருந்தவரை பெரிய தொல்லை இல்லை. தோளில் உட்காரும், அவள் தட்டிலிருந்தே சாப்பிடும், படிக்கும்போது புத்தக ஓரத்தைக் கடித்துத் துருவும். அவள் விடுதிக்குப் போனதும் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. அவர் ஆசையாகத்தான் ஏற்றுக்கொண்டார். சில மாதங்களில் கடி ஆரம்பித்தது. தினமும் கடித்தால் ஒதுங்கியிருப்பார்கள். மூன்று நாள் சமர்த்தாகத் தோளில் ஏறிவிட்டு நான்காம் நாள் ரத்தம் வரக் கடிக்கும். அதுதான் அவர்களைக் குழப்பியது.

ஒருமுறை அம்மாவின் விரலில் ஆழமாகவே பட்டுவிட்டது. நாய்க்கடி மாதிரி ஊசி போட வேண்டுமோ என்று பயந்து ஓடியிருக்கிறார்கள். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய். கிளி கடித்தால் வராது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவதும், காயம் ஆழமென்றால் டாக்டரிடம் காட்டி டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றிக் கேட்பதும்தான் தேவை. அன்று டாக்டர் சொன்னதும் இதைத்தான்.

அதற்குப் பிறகு அம்மா கூண்டுப் பக்கமே போகவில்லை. "யாருக்காவது கொடுத்துடலாம்" என்ற பேச்சும் வந்துவிட்டது. மகள் போனில் அழுதாள். அவர்கள் வழக்கமாகப் போகும் கால்நடை மருத்துவர் என் எண்ணைக் கொடுத்தார். பறவை வளர்ப்பவர்களுக்குப் பழக்கமுறை பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. நான் அங்கே போனது ஒரு ஜூலை மாதம்.

முதல் நாள் பார்த்தவை

கூண்டு ஹாலில், டிவிக்கு நேர் எதிரில் இருந்தது. இரவு சீரியல்கள் முடிந்து விளக்கை அணைக்கப் பதினொன்று ஆகும். காலை ஐந்தரைக்குப் பாட்டி எழுந்து விளக்குப் போடுவார். ஆக, பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்க வேண்டிய பறவைக்குக் கிடைத்தது பாதிதான்.

கூண்டுக்குள் ஒரு மூலையில் மண்பானை தொங்கியது. "குளிருக்குப் பாதுகாப்பா இருக்கும்னு கடையில கொடுத்தாங்க" என்றார் அப்பா. சென்னையில் என்ன குளிர் என்று நான் கேட்கவில்லை. பறவைகளை இனப்பெருக்கம் செய்யவைப்பவர்கள் முட்டையிட வைப்பதற்குத் தொங்கவிடும் பானை அது. பானையைக் கண்ட கிளிக்கு அது கூடு. கூட்டருகே வரும் கை எதிரியின் கை.

உணவுக் கிண்ணத்தில் சூரியகாந்தி விதை நிறைந்திருந்தது. வேறொன்றும் இல்லை. பழம் வைத்தால் தூக்கி எறிகிறது என்று நிறுத்திவிட்டார்களாம்.

அப்பா எனக்குக் காட்டுவதற்காகக் கூண்டைத் திறந்தார். திறக்கும் முன் டிவி பெட்டி மேல் இருந்த கறுப்புத் தோல் கையுறையைப் போட்டுக்கொண்டார். பைக் ஓட்டும் கையுறை. அது கையில் ஏறும்போதே கிளி பானைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. இறகெல்லாம் உடம்போடு இறுகி ஆள் பாதியாக மெலிந்தது மாதிரி தெரிந்தது. கை உள்ளே போனதும் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. அப்பா நிறுத்தவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலோடு சேர்த்துக் கவ்விக்கொண்டு தொங்கியது.

"பாத்தீங்களா, காரணமே இல்லாம கடிக்குது" என்றார்.

பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதான் வாயைத் தொறந்து காமிச்சுதேடா. அதுக்கப்புறமும் கையை விட்டா?"

பாட்டியை அந்தக் கிளி ஒருமுறைகூடக் கடித்ததில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி அது. பாட்டி கிளியைத் தொடுவதே இல்லை, அதனால் கடிபடுவதில்லை என்று அதற்கு அவர்களே ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள். பாதி சரி. மீதிப் பாதியைப் பிற்பாடு வீடியோவில் பார்த்தேன்.

மருத்துவரிடம் முதலில் போனது ஏன்

நல்ல பிள்ளையாக இருந்த பறவை திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் முதலில் வலியைச் சந்தேகிக்க வேண்டும். பறவைகள் நோயை மறைக்கும். வெளியே தெரியும் வேளையில் முக்கால்வாசி முற்றியிருக்கும். அதனால் பயிற்சி எதுவும் தொடங்காமல், பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன்.

எடை 131 கிராம். இந்த இனத்துக்கு 100 முதல் 120 கிராம் வரை இயல்பு. பத்துப் பதினைந்து கிராம் என்றால் நமக்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். நூறு கிராம் உயிருக்கு அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். வெறும் சூரியகாந்தி விதையில் கொழுப்பு ஏராளம்; வைட்டமின் ஏ-யும் கால்சியமும் மிகக் குறைவு. மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கால், அலகு, மூக்குத் துளை எல்லாம் சரி. வெட்டிய இறக்கை ஏறக்குறைய வளர்ந்திருந்தது. ஆணா பெண்ணா என்பது இந்த இனத்தில் பார்வைக்குத் தெரியாது. இறகை அனுப்பி மரபணுச் சோதனை செய்தால் தெரியும். எது என்றாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மருத்துவர் சொன்ன மூன்று: உணவை மாற்றுங்கள், பானையை எடுங்கள், முதுகைத் தடவாதீர்கள். கடைசியது அப்பாவுக்கு ஆச்சரியம். நாய், பூனை மாதிரிதானே தடவுகிறோம் என்றார். கிளிகளுக்குத் தலையும் கழுத்தும்தான் நட்பின் இடம். முதுகையும் இறக்கைக்கு அடியையும் தொடுவது இணை செய்கிற வேலை. அதில் கிளறப்பட்ட பறவை ஒருவரைத் துணையாக நினைத்துக்கொண்டு மற்றவர்களை விரட்டும். அந்த ஒருவர் வெளியூர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த வீடே காட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் பரிசோதனைக்காகத் துண்டில் சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் விலையையும் கொடுத்தோம், கடைசியில் சொல்கிறேன்.

கடிக் குறிப்பேடு

அடுத்த இரண்டு வாரம் பயிற்சி கிடையாது. குறிப்பு எழுதுவது மட்டும். ஒவ்வொரு கடிக்கும், கடிக்க வந்து நின்றதற்கும், நான்கு விஷயம் எழுதச் சொன்னேன்: எத்தனை மணி, எந்த இடம், அதற்கு முந்தின நொடியில் மனிதர் என்ன செய்தார், கடித்தபின் என்ன நடந்தது. கூடவே ஒரு பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் பதிவும் செய்தார்கள்.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அப்பா எழுதிக் கொண்டுவந்தார். கணக்கு வேலை பார்ப்பவர், நேர்த்தியாகக் கோடு போட்டிருந்தார். அதை வரிசையாகப் படித்தபோது "எப்போதாவது" என்ற மர்மம் பெரும்பாலும் கலைந்துவிட்டது.

கூண்டுக்கு உள்ளே நடந்த கடிகள்தான் அதிகம். வெளியே நடந்தவை பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல். பகலில், கூண்டுக்கு வெளியே, ஜன்னலோரக் கம்பியில் அது இருக்கும்போது நடந்த கடிகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் அப்பாவின் இடது கையில். இடது கையில்தான் கறுப்புப் பட்டை போட்ட கடிகாரம். கறுப்புக் கையுறையைப் பார்த்துப் பயந்த பறவைக்குக் கறுப்புப் பட்டையும் அதே பயத்தைத் தந்திருக்கலாம். இதுதான் காரணம் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் செலவு ஒன்றுமில்லை என்பதால் கழற்றச் சொன்னேன்.

"கடித்தபின் என்ன நடந்தது" என்ற கடைசிப் பத்திதான் முக்கியம். சில நாள் அப்பா கையை வெடுக்கென்று இழுத்திருக்கிறார். சில நாள், "பயந்துட்டோம்னு தெரிஞ்சா ஏறி மிதிச்சிடும்" என்று எங்கோ கேட்டதை நம்பி, வலியைப் பொறுத்துக்கொண்டு கையை அங்கேயே வைத்திருக்கிறார். கிளியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பின்னால் சாய்ந்தேன், கை நிற்கவில்லை. வாயைத் திறந்தேன், நிற்கவில்லை. லேசாகக் கவ்வினேன், அதுவும் பலிக்கவில்லை. அழுத்திக் கடித்தேன், ஒருநாள் பலித்தது, ஒருநாள் பலிக்கவில்லை. இப்படி அவ்வப்போது மட்டும் பலன் தரும் பழக்கம்தான் விடாப்பிடியாக நிற்கும் என்பது நடத்தையியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். சீட்டாட்டக்காரர் மேசையை விட்டு எழாததும் இதனால்தான். முன்னெச்சரிக்கைகளை எல்லாம் புறக்கணித்துவிட்டு, கடைசி எச்சரிக்கைக்கு மட்டும் பாதி மரியாதை கொடுத்திருந்தது இந்த வீடு.

இப்போது பாட்டியின் வீடியோ. காலை பத்து மணி. பாட்டி பீன்ஸ் தட்டோடு கூண்டு அருகே வருகிறார். வரும்போதே ஏதோ பேசிக்கொண்டு வருகிறார், யாரோடு பேசுகிறார் என்று தெரியவில்லை. ஒரு பீன்ஸை எடுத்துக் கம்பிக்கு வெளியே நீட்டுகிறார். கிளி பின்னால் சாய்கிறது. பாட்டியின் கை அந்த இடத்திலேயே நிற்கிறது. பிறகு கொஞ்சம் பின்வாங்குகிறது. அவர் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கிளி தானாகக் கம்பியோரம் வருகிறது, தலை இறகு தளர்ந்திருக்கிறது, ஒரு காலைத் தூக்கி மடித்துக்கொள்கிறது. பாட்டி மறுபடி நீட்டுகிறார். இந்த முறை வாங்கிக்கொள்கிறது. பழமே தொடாத கிளி என்று சொன்ன வீட்டில் அது பீன்ஸ் தின்றுகொண்டிருந்தது.

நான் கற்றுக்கொடுக்க வந்தது முழுதும் அந்த வீடியோவில் இருந்தது. அப்பாவிடம் அதைத்தான் மூன்று முறை போட்டுக் காட்டினேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சூழலை முதலில் மாற்றினோம், பயிற்சியை அப்புறம். தூக்கமில்லாத, கூடு காக்கிற பறவைக்குப் பயிற்சி கொடுப்பது வீண்.

பானையை மாலை நேரத்தில், கிளி வெளியே இருக்கும்போது எடுத்துவிட்டார்கள். அதே நேரத்தில் உட்காரும் குச்சிகளையும் இடம் மாற்றிக் கூண்டின் அமைப்பையே வேறாக்கினார்கள். பழைய எல்லைக் கோடு அழிய வேண்டும் என்பதற்காக. மழமழவென்ற பிளாஸ்டிக் குச்சிகளுக்குப் பதில் வெவ்வேறு பருமனில் கொய்யாக் கிளைகள். கிளைகள் மருந்தடிக்காத மரத்திலிருந்து வந்தன, கழுவிக் காயவைத்துக் கட்டினார்கள்.

இரவுத் தூக்கத்துக்கு, பாட்டியின் அறையில் ஒரு சின்னக் கூண்டு. மாலை ஏழு மணிக்கு அங்கே போய்விடும், காலை ஏழுக்கு ஹாலுக்கு வரும். பாட்டி தன் அறையில் சாம்பிராணி போடுவதை நிறுத்த வேண்டியிருந்தது; பறவையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது. இதற்கு அவர் கொஞ்சம் முனகினார். கொசுவர்த்தியையும் விட்டு ஜன்னலுக்கு வலை அடித்தார்கள். சமையலறையில் நான்ஸ்டிக் தோசைக்கல்லை மாற்றச் சொன்னேன். அது அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் ஆவி மணமே இல்லாமல் பறவையைக் கொன்றுவிடும். கடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கிளி இருக்கிற வீட்டில் இதைச் சொல்லாமல் வர எனக்கு மனம் வராது.

உணவு மாற்றம் மெதுவாக நடந்தது. சிறு உருண்டைகளாக அழுத்திய பெல்லட் தீவனம், ஊறவைத்த பயறு, கேரட், முருங்கைக் கீரை, மிளகாய். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, விதையோடு ரசித்துத் தின்னும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு. சூரியகாந்தி விதை கிண்ணத்திலிருந்து மறைந்து அப்பாவின் சட்டைப் பைக்குப் போயிற்று. இனி அது சம்பளம். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் சொல்வார்கள். இத்தனை சிறிய உடம்பு பட்டினியைத் தாங்காது, அதோடு பசியால் வரும் பணிவு நம்பிக்கையும் ஆகாது. கிண்ணம் எப்போதும் இருக்கும், பிடித்த விதை மட்டும் மனிதரிடம் கிடைக்கும் என்பதுதான் ஏற்பாடு. தினமும் காலை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதினார்கள்.

கையுறை பீரோவுக்குப் போனது. கையை உதறுவது, அலகில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, துணி போட்டு மூடுவது எல்லாம் நிறுத்தப்பட்டன. கடைசி இரண்டும் அம்மா செய்துகொண்டிருந்தவை. இவற்றால் கடி அந்த நேரத்துக்கு நிற்கும், மனிதக் கை என்றால் கெட்டது என்ற பாடம் மட்டும் தங்கிவிடும்.

இறக்கையை மறுபடி வெட்டுவதில்லை என்றும் முடிவானது. இதில் அப்பாவுக்குத் தயக்கம். பறந்து ஃபேனில் அடிபட்டால் என்று கேட்டார். நியாயமான பயம். அதற்குப் பதில், கிளி வெளியே இருக்கும்போது சீலிங் ஃபேன் ஓடாது என்ற விதி. சுவிட்சின் மேல் டேப் ஒட்டினார்கள். ஆகஸ்ட் மாதத்தில் இது சின்னத் தியாகமல்ல. விலகிப் போக முடியாத பறவைக்குக் கடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பறக்க முடிந்தால் அது போய்விடும், நமக்கும் "வேண்டாம்" என்று புரியும்.

பயிற்சி யாருக்கு என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்தது. மூவரும் செய்யலாமே என்றார் அப்பா. முதலில் ஒருவர் போதும் என்றேன். அம்மாவுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. பயந்த கை நடுங்கும், பாதியில் நிற்கும், வெடுக்கென்று இழுக்கும். அவரைக் கட்டாயப்படுத்துவது அவருக்கும் கிளிக்கும் சேர்த்துத் தண்டனை.

குச்சிப் பயிற்சி

காலை எட்டு மணிக்கு, அலுவலகம் போகும் முன், ஐந்து நிமிடம். அதற்கு மேல் கூடாது.

ஒரு மூங்கில் குச்சியின் நுனியைத் தேய்த்து மழுக்கிக்கொண்டார் அப்பா. குச்சி நுனியை அலகால் தொட்டால் ஒரு விதை. அவ்வளவுதான் பாடம். தொட்ட கணத்தில் "சரி!" என்று ஒரே தொனியில் சொல்ல வேண்டும், உடனே விதை வர வேண்டும். "சரி" என்ற ஓசைக்கும் விதைக்கும் முடிச்சு விழுந்துவிட்டால், தூரத்திலிருந்தும் அதனிடம் "இதுதான், இதையே செய்" என்று சொல்ல முடியும்.

முதல் சில நாட்கள் கம்பிக்கு வெளியிலிருந்தே. கிளி குச்சியைப் பார்த்து ஒதுங்கியது. அப்பா குச்சியைக் கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, அது குச்சியைப் பார்த்தாலே "சரி" சொன்னார். பிறகு அதன் பக்கம் சாய்ந்தால். பிறகு ஓர் அடி எடுத்து வைத்தால். ஒருநாள் காலை வந்து டக்கென்று கொத்திவிட்டு, விதைக்கு வாயைத் திறந்தபடி நின்றது. அப்பா எனக்கு அனுப்பிய குரல்பதிவில் சந்தோஷத்தில் பாதி வார்த்தை புரியவில்லை.

அவருக்குக் கற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது நிறுத்துவதுதான். ஒரு விதை வாங்கிவிட்டால் இன்னொன்று, நன்றாகப் போகிறதே இன்னொன்று என்று இழுத்துக்கொண்டு போவார். அதனால் எந்தக் குறிகளைக் கண்டால் விலக வேண்டும் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொன்னேன்: இறகு இறுகுவது, உடம்பு பின்னால் சாய்வது, கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிவது, வால் விசிறி போல் விரிவது, வாய் திறப்பது. இதில் முதல் இரண்டிலேயே விலகிவிட்டால் மற்றவை வரப்போவதில்லை. விலகினால் கிளிக்கு வெற்றி அல்லவா, இன்னும் கெட்டுப்போகாதா என்று கேட்டார். கடித்து விலகவைத்தால் கடியைக் கற்றுக்கொள்ளும், சாய்ந்து விலகவைத்தால் சாய்வதைக் கற்றுக்கொள்ளும். இரண்டில் எது வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார்.

குச்சியைப் பின்தொடர்ந்து கிளி கூண்டுக்கு வெளியே தானாக வந்தது அடுத்த கட்டம். கூண்டுக்குள் கையை விட்டு எடுக்கும் பழக்கமே இதனால் ஒழிந்தது. இது மட்டுமே கடிகளில் பெரும்பகுதியை இல்லாமல் ஆக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு கையில் பிடித்த கட்டைக் கோலில் ஏறப் பழகியது. கோலைப் பிடிக்கும் இடம் நாளுக்கு நாள் குறுகி, கடைசியில் கிளியின் காலும் அப்பாவின் முன்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அதுவே ஒரு காலைக் கோலிலும் ஒரு காலை அவர் மணிக்கட்டிலும் வைத்து நின்றது. அவர் அசையவில்லை, சொன்னபடியே அங்கேயே "சரி" சொல்லி விதை கொடுத்து, கோலை ஜன்னல் கம்பியருகே கொண்டுபோய் இறக்கிவிட்டார். ஏறச் சொல்லித் தள்ளவில்லை.

பெரிய விருந்து தினைக்கதிர்தான். தினைப்புனத்தில் கிளி விரட்டிய பாட்டெல்லாம் வைத்திருக்கிற மொழி நம்முடையது. கிளிக்குத் தினை பிடிக்கும் என்று நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவின் பங்கு இதில் வந்தது. சமையலுக்கு நடுவே கூண்டைக் கடக்கும்போதெல்லாம் நீளமான கதிரின் நுனியைக் கம்பிக்குள் நீட்டிவிட்டுப் போவார். விரலுக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். தொட வேண்டாம், நிற்கக்கூட வேண்டாம். சில வாரங்களில் அம்மா வந்தாலே கம்பியோரம் ஓடிவரத் தொடங்கியது.

நடுவில் வந்த தடங்கல்கள்

நேர்கோட்டில் எதுவும் போகவில்லை. பானையை எடுத்த வாரத்தில் கிளி எரிச்சலாக இருந்தது, சோபா மெத்தைக்கு அடியில் புகுந்து புதுக் கூடு தேடியது. சோபா இடுக்கை அடைத்தார்கள்.

அக்டோபரில் இறகு உதிர்ந்தது. தலையிலும் கழுத்திலும் உறையோடு கூடிய புது முளைகள் முள் முள்ளாக நின்றன. அதுவரை கழுத்தைச் சொறிய நீட்டிக்கொண்டிருந்த பறவை, மகள் விடுமுறைக்கு வந்து ஆசையாகச் சொறியப் போனதும் கடித்துவிட்டது. "என்னையுமா?" என்று அவளுக்கு அதிர்ச்சி. வளரும் முளையில் ரத்தம் ஓடும், அழுத்தினால் வலிக்கும். உறை வெள்ளையாக உலர்ந்தபின் நுனியை மட்டும் மெல்ல உதிர்த்துவிட்டால் சுகமாகக் கண்ணை மூடும். உலர்ந்தது எது, ஆகாதது எது என்று அவளுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன்.

தீபாவளிதான் பெரிய அடி. முந்தின இரவே தெருவில் சரவெடி. இருட்டில் திடுக்கிட்டு அடித்துக்கொண்டதில் இரண்டு இறகு முறிந்தது. பாட்டி அறையில் மங்கலான விளக்கு ஒன்றை எரியவிட்டு, ஜன்னலுக்குக் கம்பளி போட்டு, ரேடியோவைச் சன்னமாக வைத்தார்கள். பண்டிகை முடிந்தும் ஒரு வாரத்துக்குக் கோலில் ஏற மறுத்தது. அப்பா சோர்ந்துவிட்டார். அவரை மறுபடி கம்பிக்கு வெளியிலிருந்து குச்சி தொடும் பாடத்துக்கே போகச் சொன்னேன். கற்ற பாடம் மறக்கவில்லை. இரண்டாம் முறை ஏறுவதற்கு முதல் முறையில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

இப்போதைய நிலை

பொங்கல் சமயத்தில் மறுபடி போய்ப் பார்த்தேன். எடை 117 கிராம். கேரட் தின்கிறது, மிளகாய்க்குச் சண்டை போடுகிறது, பழத்தை இன்னும் எறிகிறது.

அப்பாவின் முன்கையில் ஏறுகிறது. கூப்பிட்டால் ஜன்னலிலிருந்து பறந்து வருகிறது, மனமிருந்தால். தோளில் உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். தோளில் இருக்கும் பறவையின் கண்ணும் இறகும் நமக்குத் தெரியாது, நம் கண்ணும் காதும் அதன் அலகுக்குப் பக்கத்தில் இருக்கும். கைக்கடிகாரத்தை அவர் வீட்டில் கட்டுவதே இல்லை.

அம்மா இன்னும் கையில் ஏற்றிக்கொள்வதில்லை. அவருக்கு அது வேண்டாம், கிளிக்கும் அது குறையாகத் தெரியவில்லை. கதிரைக் கொடுக்கிறார், பேசுகிறார், அது பதிலுக்குக் கத்துகிறது. சன் கான்யூரின் கத்தலைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு சமாதானம் பேசியது இந்தக் கணக்கில் வராது.

கடி முற்றிலும் நின்றுவிடவில்லை. டிசம்பரில் உறவினர் குழந்தை ஒன்று கம்பிக்குள் விரலை விட்டுப் பட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு, விருந்தினர் வந்தால் கிளி பாட்டி அறைக்குப் போய்விடும். அப்பாவுக்கும் ஒருமுறை ஆயிற்று. அலுவலக போன் பேசிக்கொண்டே கோலை நீட்டியிருக்கிறார், பறவையைப் பார்க்கவில்லை. அதையும் காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தார், "என் தப்பு" என்ற குறிப்போடு.

யாருக்காவது கொடுத்துவிடும் பேச்சு இப்போது இல்லை.

மறுமுறை மாற்ற வேண்டியவை

இதே போன்ற வீடு மறுபடி வந்தால், மருத்துவப் பரிசோதனைக்கு முன் கிளியைக் கொண்டுபோகும் பயணப் பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைக்கச் சொல்வேன். கதவைத் திறந்தே வைத்து, உள்ளே தினைக்கதிர் போட்டு, தானாகப் போய்வரப் பழக்கிவிட்டால் வீட்டில் துண்டால் பிடித்துப் பெட்டியில் அடைக்கும் வேலை இருக்காது. மருத்துவரிடம் துண்டைத் தவிர்க்க முடியாமல் போகலாம், ஆனால் பிடிப்பது வீட்டு ஆளாக இருக்கக்கூடாது. இந்த முறை பிடித்தது அப்பா. அதன் பிறகு சில நாள் அவர் அறைக்குள் வந்தாலே கிளி கூண்டின் மறுபக்கம் போனது. பயிற்சியின் தொடக்கம் அந்தப் பள்ளத்திலிருந்துதான். அவசர நோய் அறிகுறி இருந்தால் இந்தத் தாமதத்துக்கு இடமில்லை. மூச்சு வாங்குவது, தீனி எடுக்காமல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, கூண்டின் தரையில் கிடப்பது ஆகியவற்றைக் கண்டால் எப்படிப் பிடித்தாவது அன்றே கொண்டுபோக வேண்டும்.

மகளின் விடுமுறைகளைத் திட்டத்தில் முதலிலேயே சேர்த்திருக்கலாம். அவள் வந்த நாட்களில் பழைய பழக்கங்கள், தோள், முதுகு தடவல், இரவு பதினொரு மணி எல்லாம் திரும்பின. இப்போது ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளின் நகல் அவள் போனிலும் இருக்கிறது.

நகம் வெட்டுவது மீதமிருக்கிறது. கரடான குச்சி ஒன்றில் கொஞ்சம் தேய்கிறது, போதவில்லை. நகத்தை அரத்தின் பக்கம் நீட்டினால் விதை என்று இப்போது அப்பா தொடங்கியிருக்கிறார். அரம் சிவப்புப் பிடி போட்டது. கறுப்பு வாங்க வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டாராம்.